ஸ்பானிஷில் ‘நெட்டு இருக்கா?’

விடிந்தும் விடியாத நேரம். தண்ணி டேங்க் மேட்டில் நின்றுகொண்டு, போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி, “புவேனாஸ் தார்தெஸ், செஞோரா!” என்று உரக்கச் சொன்னேன்.

‘மாலை வணக்கம், அம்மா’ என்று அர்த்தம்.

மேட்டுக்குக் கீழே செம்பனை மரங்களுக்கு நடுவில் பனி இன்னும் விலகவில்லை. குலை வெட்டப் போகிற வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். என் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் குறைத்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு போய்விட்டார்கள்.

“ஐ இன்தெர்நெத்?” என்றேன் அடுத்து. இன்டர்நெட் இருக்கிறதா?

மறுமுனையில் உலகத்தின் அந்தப் பக்கம். அங்கே அப்போதுதான் பொழுது சாய்கிறது. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி, அதில் ஒரு வார்டு. அங்கே கட்டில்கள் உருளும் சத்தமும் யாரோ இருமும் சத்தமும் என் காதில் விழுந்தன.

“சீ, செஞோரா. ஐ” என்றது ஒரு பெண்குரல். இருக்கிறது.

டேங்க் படியில் உட்கார்ந்தேன். படி பனியில் நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் மினுங்கியது. திரையில் என் வீட்டுக்காரரின் முகம் வந்தது. கன்னம் ஒட்டிப்போய், கண்ணெல்லாம் மஞ்சளாக.

“என்னாம்மா, சாப்டியா?” என்றார்.

போன வாரம் கோலா சாவாவில் நடந்த எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். மாப்பிள்ளை வந்த லோரி சேற்றில் புதைந்த கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாகச் சில பேர் சொன்னார்கள். இந்த வாரமும் அதே மாப்பிள்ளையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிரிப்புக் குறைவாகத்தான் இருக்கும்.

பாய்லர் எல்லா ஊரிலும் ஒரே சத்தம்

அவர் பெயர் குணசேகரன். சுவா என்கிற சின்ன ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் எஸ்டேட் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர்மேன். அடுப்பின் சத்தத்தை வைத்தே நீராவி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் எண்ணெயும் புகையும் கலந்த ஒரு வாடை இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்கு அந்த வாடை பழகிவிட்டது. பிறகு பிடித்தும்விட்டது.

ஆலையை மூடினார்கள். நிலத்தில் ஒரு பகுதி வீடு கட்டுவதற்குப் போகிறது என்றார்கள். ஐம்பதை நெருங்குகிற பாய்லர்மேனுக்கு வேறு ஆலையில் இடம் கிடைக்கவில்லை. சில மாதம் வீட்டில் இருந்தார். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நன்றாக இருந்த கதவுகளையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

அப்போதுதான் பழைய எஞ்சினியர் ஒருவர் கூப்பிட்டார். ஈக்வடோர் நாட்டில் புதிதாகச் செம்பனை ஆலை கட்டுகிறார்களாம். பாய்லர் தெரிந்த மலேசிய ஆள் வேண்டுமாம். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

ஈக்வடோர் எங்கே இருக்கிறது என்று எங்கள் மகள் ஷாலினி போனில் வரைபடம் எடுத்துக் காட்டினாள். விரலால் தள்ளித் தள்ளி, கடல் கடலாகத் தாண்டி, கடைசியில் ஒரு மூலையில் நிறுத்தினாள்.

“இவ்வளவு தூரமா! அங்க என்ன பாஷைப்பா பேசுவாங்க?” என்றாள்.

“ஸ்பானிஷாம். அதுக்கென்னா லா? பாய்லர் எல்லா ஊர்லயும் ஒரே சத்தந்தான் போடும்.”

அவர் போனபோது ஷாலினி பள்ளியில் நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, விமான நிலையத்தில் அவர்தான் அழுதார். அவருடைய தம்பி செல்வம்தான் அவரைத் தோளில் தட்டி உள்ளே அனுப்பிவைத்தார்.

ஆபீஸ் போன்

நான் பிறந்து வளர்ந்த கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டில், என் சின்ன வயதில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணியின் ஆபீசில், பச்சைத் துணி விரித்த மேசைமேல் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் அழைப்பு வந்தால் சாவுச் செய்தி என்றுதான் பொருள். வேறு எதற்கும் யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

ஆபீஸ் பையன் சைக்கிளில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் பக்கம் திரும்பினால், பெண்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். யார் வீட்டு முன்னால் அவன் நிற்கிறானோ, அந்த வீட்டுப் பெண் அங்கேயே அழத் தொடங்கிவிடுவாள். போனை எடுத்துக் கேட்பதற்கு முன்பே.

அந்த ஊரில் வளர்ந்தவளுக்கு வாட்ஸ்அப் ஒரு அதிசயம். கடல்களுக்கு அப்பால் இருக்கிற மனிதர் தினமும் முகம் காட்டுகிறார். இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்கிறார். சட்டியைக் காட்டச் சொல்கிறார். அங்கே தினமும் வாழைக்காய்தான் என்று முகத்தைச் சுளிக்கிறார்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. எங்கள் லயம் பள்ளத்தில் இருந்ததால் வீட்டுக்குள் லைன் கிடைக்காது. தண்ணி டேங்க் மேட்டுக்கு ஏற வேண்டும். ஊரில் காதலிக்கிற பிள்ளைகளும், தீமோர் நாட்டு ஆட்களும், நானும் அந்த மேட்டைப் பங்குபோட்டுக்கொண்டோம்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது.

யாரிடம் கேட்பது?

முதலில் உடம்பு வலி என்றார். அடுத்த நாள் கெண்டைக்கால் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் போன் வரவில்லை.

அங்கிருந்த கம்பெனி ஆபீஸ்காரர் ஆங்கிலத்தில் கூப்பிட்டுச் சொன்னார். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சலாம். நாங்கள் எஸ்டேட்டில் ‘கென்சிங் திக்குஸ்’ என்று சொல்வது.  எங்கள் லயத்திலேயே அதில் போனவர் உண்டு.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆபீசிலிருந்து அது பல மணி நேரப் பயணம், தினமும் ஆள் அனுப்ப முடியாது என்றார் அவர். நல்ல மனிதர்தான். வார்டு போன் நம்பரைக் கொடுத்தார். கணவரின் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது, அதை நர்சுகளின் மேசையில் வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் வைஃபை இருக்கிறது, ஆனால் அதன் மறைச்சொல்லை அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

நான் மேட்டுக்குப் போய் அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு ஆண்குரல் எடுத்தது.

“ஹலோ! மலேசியா! மை ஹஸ்பன்ட்!” என்றேன்.

அவர் ஏதோ கேட்டார். நான் திரும்பவும் மலேசியா என்றேன். அவர் வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். மறுபடி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு இறங்கி வந்து ஷாலினியிடம் சொன்னபோது, என்னை மீறி அழுதுவிட்டேன். அவளுக்கு அந்த வருஷம் பள்ளி முடிக்கிற எஸ்பிஎம் சோதனை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ம்மா, நெட்டு இருக்கான்னு கேக்கணும், பாஸ்வர்ட் என்னான்னு கேக்கணும். அவ்வளவுதானே? படிச்சிக்கலாம் லா.”

“நீயே பேசும்மா.”

“அங்க சாயந்தரம்தான் அப்பா வார்டுல ஒரு நல்ல நர்ஸ் இருக்காங்கன்னு ஆபீஸ்காரர் சொன்னாருல்ல? அது நமக்குக் காலைல ஏழு மணி. என் வேன் ஆறரைக்கே வந்துருது. நீங்கதான் பேசணும்.”

ஞ

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மலாய் பேசுவேன். ஆங்கிலம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு. புதிதாக ஒரு பாஷையை நாற்பத்தாறு வயதில் படிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஷாலினி போனில் ஒரு பெண் பேசுவதைப் போட்டாள். நான் திருப்பிச் சொன்னேன். ரொட்டியைத் தட்டும்போது, துணி பிழியும்போது, மோட்டாரில் வேலைக்குப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

‘குவால் எஸ் லா கிளாவே?’ மறைச்சொல் என்ன? குவால் என்பது வாயில் நிற்கவே இல்லை. “நீங்க பொறந்த ஊரைச் சொல்லுங்க” என்றாள் ஷாலினி. கோலா, கோலா என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் குவால் வந்தது.

‘மாஸ் தெஸ்பாசியோ’ என்றால் இன்னும் மெதுவாக. ‘நோ இம்போர்த்தா’ என்றால் பரவாயில்லை. நெட்டு இல்லை என்று அவர்கள் சொன்னால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டுமே, அதற்காக அதையும் படித்தேன். ‘மஞானா’ என்றால் நாளைக்கு. ‘செஞால்’ என்றால் லைன்.

செஞோரா, செஞால், மஞானா. பள்ளிக்கூடத்தில் ‘ஞ’ எழுதும்போதெல்லாம் இந்த எழுத்து எதற்கு என்று நினைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அதற்கு வேலையே இல்லை. இந்தப் பாஷையில் மூச்சுக்கு மூச்சு அதுதான்.

பேச்சுப் பழகியதும் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. நான் படித்ததெல்லாம் கேள்விகள். அவர்கள் சொல்லும் பதில் எனக்குப் புரியாது.

“ஆமான்னா சீ, இல்லன்னா நோ. அது போதும்மா” என்றாள் ஷாலினி.

அடுத்த நாள் காலை மேட்டில் நின்று கேட்டேன். அன்றைக்கு ஒரு பெண் எடுத்தாள். நான் ஒப்பித்து முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, “மலாசியோ?” என்றாள். “சீ, சீ! எஸ்போசோ! என் எஸ்போசோ!” என்றேன், தமிழும் ஸ்பானிஷுமாக. எஸ்போசோ என்றால் கணவர்.

அவள் பெயர் மார்த்தா. நர்ஸ். என் கணவரின் போனை எடுத்துக்கொண்டு போய், மறைச்சொல்லைத் தானே அடித்து, அவர் கையில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். முகத்துக்குப் பக்கத்தில் அவளுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன.

அவர் என்னைப் பார்த்ததும், “நீயா பேசின ஸ்பானிஷ்?” என்றார். “இந்தம்மா சொல்றாங்க, ஒம் பொண்டாட்டி நம்ம பாஷை பேசறாளேன்னு.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

யார் விழுந்தது?

அது மழைக்காலம். அந்த ஊரில் மழை பலத்தால் இன்டர்நெட் போய்விடும். ஒரு நாள் இருக்கும், இரண்டு நாள் இருக்காது.

அப்படி ஒரு காலையில் மார்த்தா, “நோ ஐ, செஞோரா. லோ சியெந்தோ. செ காயோ” என்றாள். நோ ஐ என்றால் இல்லை. லோ சியெந்தோ என்றால் வருந்துகிறேன். காயோ மட்டும் புரியவில்லை. மாஸ் தெஸ்பாசியோ என்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக, “செ… கா… யோ…” என்றாள்.

அதை வாய்க்குள் போட்டு வைத்துக்கொண்டு நாள் முழுதும் திரிந்தேன். ஷாலினி பள்ளி விட்டு வந்ததும் சொன்னேன். போனில் தேடிப் பார்த்தாள். முகம் மாறியது.

“விழுந்துட்டார்னு வருதும்மா.”

கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். ஆபீஸ்காரர் போனை எடுக்கவில்லை. அங்கே அது விடியாத நேரம். செல்வம் வந்தார். மூன்று பேரும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். தலையில் அடிபட்டிருக்குமோ, இடுப்போ என்று ஆளுக்கொன்று நினைத்தோம். 

மறுநாள் நெட்டு இருந்தது. முகம் தெரிந்ததுமே கேட்டேன்.

“ஏங்க, எங்க விழுந்தீங்க? எங்க அடி?”

“நானா? எந்திரிச்சு உக்காரவே ஆள் வேணும், நான் எங்க போயி விழறது?”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். மூச்சு வாங்க, இருமிக்கொண்டே சிரித்தார்.

“நெட்டு விழுந்துச்சுன்னு சொல்லியிருக்காங்கம்மா. இங்க அப்படித்தான் பேசுவாங்க. நெட்டு விழும். அப்புறம் எந்திரிக்கும்.”

மார்த்தாவுக்குக் கையைக் காட்டி அவர் விளக்கியிருக்க வேண்டும். அவளும் சிரிப்பது கேட்டது. பிறகு படம் நின்றுவிட்டது. பாதிச் சிரிப்பில், வாய் திறந்தபடி, அவருடைய முகம் அப்படியே திரையில் இருந்தது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை நான் உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

பரவாயில்லை

அதற்குப் பிறகு சில நாட்கள் மார்த்தா அதே வார்த்தையைச் சொன்னாள். லோ சியெந்தோ, செ காயோ. நானும் பழகிவிட்டேன். நோ இம்போர்த்தா, மஞானா. ஆபீஸ்காரர் அவ்வப்போது கூப்பிட்டு, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, மருந்து கொடுக்கிறார்கள் என்றார்.

ஒரு காலை. இங்கே நல்ல வெயில் வரப்போகிற மாதிரி கீழ்வானம் சிவந்திருந்தது. அங்கே மழை போலிருக்கிறது, போனில் ஒரே இரைச்சல்.

“ஐ இன்தெர்நெத்?” என்றேன்.

எடுத்தது மார்த்தாதான். “லோ சியெந்தோ, செஞோரா. லோ சியெந்தோ முச்சோ” என்றாள். அதற்குப் பின்னால் ஏதோ நீளமாகச் சொன்னாள். கடைசி வார்த்தை ‘யோ’ என்று முடிந்தது. அது எனக்குத் தெரிந்த வார்த்தை.

“நோ இம்போர்த்தா, மார்த்தா” என்றேன். “மஞானா.”

பரவாயில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

“செஞோரா…” என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். சளி பிடித்திருக்கிறது, மழையில் வீட்டுக்குப் போகிறாளே என்று நினைத்தேன். கிராசியாஸ் என்று நன்றி சொல்லி வைத்தேன்.

மேட்டிலிருந்து இறங்கினேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு, அப்போது வேலை பார்த்த தொழிற்சாலை கண்டீனுக்குப் போனேன். அன்றைக்கு நெத்திலிச் சம்பல். வெங்காயம் நறுக்கினேன். பக்கத்தில் வேலை செய்த மலாய்ப் பெண் ஏதோ வேடிக்கை சொன்னாள். சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தேன்.

பத்து மணி வாக்கில் ஆபீஸ்காரர் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“மேடம், ஐ ஆம் வெரி சாரி. யுவர் ஹஸ்பன்ட் பாஸ்ட் அவே திஸ் ஆஃப்டர்நூன்.”

“நோ சார், நோ” என்றேன். “ஐ கால் ஆல்ரெடி. இன்டர்நெட் ஃபால் ஒன்லி.”

அவர் மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் சொன்னேன். இன்டர்நெட் ஒன்லி, சார். நர்ஸ் டெல் மீ. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டீன் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு அந்நியரிடம் என் கணவர் சாகவில்லை என்று இங்கிலீஷில் வாதாடினேன்.

ஷாலினிதான் பிறகு கண்டுபிடித்தாள். மார்த்தா சொன்ன வார்த்தை ‘ஃபாயெசியோ’. காலமாகிவிட்டார் என்று மரியாதையாகச் சொல்வதாம்.

லைன்

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தார் பார்க்க வேண்டுமானால் பார்க்கலாம், மார்த்தா தன் போனிலிருந்து கூப்பிடுகிறேன் என்று சொல்கிறார் என ஆபீஸ்காரர் செய்தி அனுப்பினார். உடல் வந்து சேர நாளாகும், வந்தாலும் திறக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

காலையில் எல்லோரும் டேங்க் மேட்டுக்கு ஏறினோம். செல்வம் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். லயத்தில் மிச்சமிருந்த நாலைந்து குடும்பமும் வந்தது. யாரும் உட்காரவில்லை.

போன் வந்தது. ஷாலினி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தது. அவர் அப்படிப் போடவே மாட்டார், கழுத்தை இறுக்குகிறது என்பார். இத்தனை நாளும் கட்டம் கட்டமாகச் சிதறிக்கொண்டிருந்த படம் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. நெற்றித் தழும்பு தெரிந்தது. முடிவெட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்த கிருதா தெரிந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் அசையவில்லை.

“என்னா ஷாலு, லைன் ஸ்டக் ஆயிருச்சா?” என்றார் செல்வம்.

“இல்ல சித்தப்பா” என்றாள் அவள். “லைன் நல்லாத்தான் இருக்கு.”

அப்போது திரைக்குள் மார்த்தாவின் கை வந்தது. நான் எப்போதும் பார்த்த அதே விரல்கள். அவருடைய நெற்றியில் கிடந்த முடியை மெல்ல ஒதுக்கிவிட்டு மறைந்தது. செல்வம் டேங்கின் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் பரவாயில்லை என்று சொன்னதை மார்த்தா எப்படி எடுத்துக்கொண்டாளோ என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. நெட்டு விழுந்தது என்று நினைத்துத்தான் அம்மா அப்படிச் சொன்னார் என்று ஷாலினி ஸ்பானிஷில் எழுதி அனுப்பியிருந்தாள். இப்போது மார்த்தா போனைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டினாள். முதல் தடவையாக அவளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நரைத்த முடி, களைத்த கண். தலையை அசைத்தாள். தெரியும், தெரியும் என்பது போல. மறுபடியும் போனை அவர் பக்கம் திருப்பினாள்.

வெயில் ஏறியது. திரையில் ஒளி பட்டுப் படம் மங்கியது. ஷாலினி உடம்பால் மறைத்து நிழல் கொடுத்தாள். யாருக்கும் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. மார்த்தாவும் தானாக வைக்கவில்லை. அங்கே அவளுக்கு வேலை நேரம். கை வலித்திருக்கும். ஆனாலும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நான் ஷாலினியின் கையிலிருந்து போனை வாங்கினேன். “கிராசியாஸ், மார்த்தா” என்றேன்.

லைன் கடைசிவரை விழவில்லை. நான்தான் வைத்தேன்.